கடைசி யூனிட்டின் விலை

மார்கழி, தை மாதங்களுக்கு 400 ரூபாய்க்குள் வந்த கரண்ட் பில், சித்திரை, வைகாசிக்கு 2,000 ரூபாயைத் தாண்டி நிற்கிறது. வீடு அதே வீடு. ஆட்களும் அதே நான்கு பேர். புதிதாக ஒரு பொருளும் வாங்கவில்லை. ஃபேன் கொஞ்சம் கூடுதலாகச் சுற்றியது, ராத்திரியில் ஏ.சி. ஓடியது, அதை ஒப்புக்கொள்கிறோம். அதற்காக ஐந்து, ஆறு மடங்கா?

இப்படிக் கேட்டதும் சந்தேகம் முதலில் மீட்டர் மேல் விழும். "மீட்டர் வேகமா ஓடுது" என்று வீட்டில் ஒருவர் சொல்லாமல் கோடை கழிவதில்லை. அடுத்து, கணக்கெடுக்க வந்தவர் தப்பாகக் குறித்துவிட்டார் என்போம். அதற்கும் அடுத்து, மாடிப்படி விளக்கை யாரோ நம் இணைப்பில் கோத்துவிட்டார்கள் என்போம். இவையெல்லாம் நடக்கவே நடக்காத காரியங்கள் என்று சொல்லமுடியாது. ஆனால் மீட்டர் சரி, குறித்ததும் சரி, கூட்டலும் சரி என்றே வைத்துக்கொண்டாலும் பில் ஆறு மடங்காகும். எப்படி என்பதைத்தான் பார்க்கப் போகிறோம்.

ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு தெம்பு?

மின்சாதனம் எதுவானாலும் அதன் முதுகில் ஓர் எண் இருக்கும்: 9 வாட், 75 வாட், 2,000 வாட். எவ்வளவு வேகமாக அது மின்சாரத்தைத் தின்னும் என்பதே அந்த எண். எவ்வளவு நேரம் தின்றது என்பது நம் கையில் இருக்கிறது. வாட்டை மணிக்கணக்கால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் யூனிட். 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி ஒரு மணி நேரம் விடாமல் சூடேறினால் ஒரு யூனிட். 10 வாட் பெட்டி ஒன்று 100 மணி நேரம் விழித்திருந்தாலும் அதே ஒரு யூனிட்தான். இந்த அத்தியாயத்துக்கு இதற்கு மேல் கணிதம் வேண்டாம்.

அந்த ஒரு யூனிட்டின் தெம்பு பலருக்கும் தெரியாது. 60 கிலோ எடையுள்ள ஒருவரைக் கடல் மட்டத்திலிருந்து தொட்டபெட்டா உச்சிக்கு, அதாவது 2,637 மீட்டர் உயரத்துக்கு, தூக்கிச் செல்ல எவ்வளவு மின்சாரம் ஆகும்? உராய்வு, சேதாரம் எதையும் சேர்க்காமல் பார்த்தால் அரை யூனிட்கூட ஆகாது. கணவன், மனைவி இருவரையும் உச்சியில் இறக்கிவிட்டாலும் ஒரு யூனிட்டில் கொஞ்சம் மிச்சமிருக்கும். அதே ஒரு யூனிட்டைக் குளியலறைக் கீசருக்குக் கொடுங்கள். 25 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுவருவதோடு அது தீர்ந்துபோகும்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் புதிர் அவிழும். ஒரு பொருளைத் தூக்குவதும் சுழற்றுவதும் மின்சாரத்துக்கு எளிய வேலை. சூடாக்குவதும், உள்ளே இருக்கும் சூட்டை இழுத்து வெளியே தள்ளுவதும் கடினமான வேலை. மூன்றாவதாக ஒன்று உண்டு: வேலை சின்னதாக இருந்தாலும் நாள் முழுக்க நடப்பது.

சத்தம் போடுவதும் தின்பதும்

மிக்ஸி போடும் சத்தத்தைக் கேட்டால் அதுதான் வீட்டிலேயே பெரிய தீனிக்காரன் என்று தோன்றும். 750 வாட் மிக்ஸி, சட்னிக்கும் மசாலாவுக்குமாக நாளுக்கு 5 நிமிடம் ஓடினால், இரண்டு மாதத்துக்கு 4 யூனிட்டைத் தொடாது. கிரைண்டர் அதைவிடச் சாது. 150 வாட் கிரைண்டர் அரை மணி நேரம் மாவாட்டினால் ஆகும் செலவு ஒரு யூனிட்டில் பதின்மூன்றில் ஒரு பங்கு. 'கரண்ட் ஆகும்' என்று பயந்து கடையில் பாக்கெட் மாவு வாங்குகிறவர்கள் வேறு காரணம் தேடிக்கொள்ளலாம்.

விளக்கு விஷயத்திலும் இதேதான். "லைட்டை அணை" என்ற அதட்டல் 60 வாட் குண்டு பல்பு காலத்தில் நியாயமானது. இன்று அந்த இடத்தில் 9 வாட் எல்.இ.டி. எரிகிறது. அதை நாளுக்கு 5 மணி நேரம் தேவையில்லாமல் எரியவிட்டாலும் இரண்டு மாதத்தில் வீணாவது 2.7 யூனிட். அணைப்பது நல்ல பழக்கம்தான், ஆனால் பில் அதனால் இறங்காது. செல்போன் சார்ஜரைப் பிளக்கிலிருந்து பிடுங்கி வைக்கச் சொல்லும் அறிவுரை இன்னும் அற்பம். போன் மாட்டாமல் சும்மா தொங்கும் நல்ல சார்ஜர் இரண்டு மாதத்துக்கு அரை யூனிட்கூட எடுக்காது.

டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லாமல் உட்கார்ந்திருக்கும் செட்டாப் பாக்ஸ் வேறு ரகம். ரிமோட்டில் அணைத்தால் படம் போகும், ஆனால் பல பெட்டிகளுக்குள் வேலை நடந்துகொண்டே இருக்கும். 10 வாட் என்று வைத்தாலும், இரவும் பகலுமாக இரண்டு மாதத்தில் 14 யூனிட் ஆகிறது. மிக்ஸியைப்போல மூன்று மடங்குக்கு மேல். சுவிட்சை அணைத்தால்தான் அது தூங்கும்.

ஒரு வீடு, இரண்டு பில்

திருச்சியிலோ தாம்பரத்திலோ ஒரு நடுத்தர வீட்டைக் கணக்குக்காக நாமே கட்டிக்கொள்வோம். மூன்று பழைய சீலிங் ஃபேன், ஒவ்வொன்றும் 75 வாட். ஒரு ஃபிரிட்ஜ். படுக்கையறையில் ஒரு டன் ஏ.சி. மற்றபடி எல்லா வீட்டிலும் இருப்பவை.

கோடையின் இரண்டு மாதத்தில் ஃபேன்கள் நாளுக்குப் பதினைந்து மணி நேரம் சுற்றுகின்றன. மூன்றுக்கும் சேர்த்து 202 யூனிட். ஏ.சி. இரவில் ஆறு மணி நேரம் விட்டுவிட்டு ஓடி, ராத்திரிக்கு 3 யூனிட் வீதம் 180. ஃபிரிட்ஜுக்கு 50. டி.வி.யும் செட்டாப் பாக்ஸும் 36. தண்ணீர் மோட்டார் 30. எல்லா விளக்கும் சேர்ந்து 27. மிக்ஸி, கிரைண்டர், இஸ்திரி, வாஷிங் மெஷின் எல்லாம் சேர்ந்து 25. மொத்தம் 550.

மார்கழி, தையில் ஏ.சி. உறையைப் போட்டுக்கொண்டு தூங்குகிறது. ஃபேன்கள் ஐந்தரை மணி நேரத்தோடு நிற்கின்றன, 74 யூனிட். ஃபிரிட்ஜும் 40-க்கு இறங்குகிறது. மற்றவை மாறவில்லை. மொத்தம் 232.

232-லிருந்து 550 என்பது இரண்டேகால் மடங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். பில் அதே அளவில் ஏறியிருந்தால் யாரும் மீட்டரைத் திட்டியிருக்கமாட்டார்கள்.

233 ரூபாய்க்கு ஒரு யூனிட்

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கிறார்கள். 2022 செப்டம்பர் 10 முதல் நடப்புக்கு வந்த கட்டணப் பட்டியலை இங்கே எடுத்துக்கொள்கிறேன். அதன் எண்கள் கையால் கூட்ட வசதியானவை. 2024 ஜூலையில் விகிதங்கள் 4.83 விழுக்காடு ஏறின, கட்டமைப்பு அப்படியே இருந்தது. உங்கள் கையில் இருக்கும் பட்டியலின் விகிதங்களை இட்டுப் பார்த்தால் ரூபாய் மாறும், கதை மாறாது.

அந்தப் பட்டியல்படி முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய். 201 முதல் 400 வரை 4.50. 401 முதல் 500 வரை 6 ரூபாய். இப்படிப் படிப்படியாக விலை ஏறுவதைத்தான் நாம் 'ஸ்லாப்' என்கிறோம். அதிகம் செலவழிக்கிறவர் அதிக விலை கொடுக்கட்டும், குறைவாகச் செலவழிக்கிறவருக்குச் சலுகை போய்ச் சேரட்டும் என்பது இதன் எண்ணம். அந்த எண்ணத்தில் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை.

சிக்கல் 500-ல் இருக்கிறது. 500 யூனிட்டைத் தாண்டிய வீட்டுக்கு வேறு பட்டியல். அதில் 101 முதல் 200 வரையிலான பாதி விலைச் சலுகை கிடையாது. 101 முதல் 400 வரை எல்லாமே 4.50. 501 முதல் 600 வரை 8 ரூபாய், அடுத்த 200-க்கு 9, அதற்கு அடுத்த 200-க்கு 10, ஆயிரத்துக்கு மேல் 11.

கூட்டிப் பாருங்கள். சரியாக 500 யூனிட் என்றால் 225-ம் 900-ம் 600-ம் சேர்ந்து 1,725 ரூபாய். 501 என்றால் 1,350-ம் 600-ம் 8-ம் சேர்ந்து 1,958. அந்த ஒற்றை யூனிட்டின் விலை 233 ரூபாய். வேறு எந்த யூனிட்டும் செய்யாத காரியத்தை 501-வது யூனிட் செய்கிறது: தனக்கு முன்னால் வந்துபோன நூறு யூனிட்டின் விலையைத் திரும்பிப் போய் ஏற்றிவிடுகிறது.

நம் வீட்டின் மார்கழி பில் 232 யூனிட்டுக்கு 369 ரூபாய். சித்திரை பில் 550 யூனிட்டுக்கு 2,350. மின்சாரம் இரண்டேகால் மடங்கு, பணம் ஆறு மடங்குக்கு மேல். மீட்டர் மேல் பழி இல்லை.

பொருளியலில் கடைசியாகச் சேரும் ஒன்றின் விலையை இறுதிநிலை விலை என்பார்கள். மின்சாரத்தைக் குறைக்க நினைக்கும் வீட்டுக்குத் தெரியவேண்டிய ஒரே விலை அதுதான். மொத்த ரூபாயை மொத்த யூனிட்டால் வகுத்து 'யூனிட் நாலு ரூபாய் சொச்சம்' என்று சொல்வது நம்மை ஏமாற்றிவிடும். மிச்சம் பிடிக்கும்போது நாம் கழிப்பது சராசரி யூனிட்டை இல்லை, உச்சியில் இருக்கும் யூனிட்டை. நம் வீடு 550-லிருந்து 500-க்கு இறங்கினால் மிச்சம் 625 ரூபாய், அதாவது யூனிட்டுக்குப் பன்னிரண்டரை. 500-லிருந்து 430-க்கு இறங்கும் 70 யூனிட்டுக்கு, தலைக்கு ஆறு ரூபாய்தான்.

தலைக்கு மேலே சுற்றுவது

இப்போது எதில் கை வைப்பது? பட்டியலைத் திரும்பப் பாருங்கள். எல்லோரும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் ஏ.சி. 180 யூனிட். யாரும் சந்தேகிக்காத மூன்று ஃபேனும் சேர்ந்து 202. மூன்றாவதாகச் சொன்னேனே, சின்ன வேலை நாள் முழுக்க நடப்பது என்று, அது இதுதான். ஆகவே ஃபேனைக் கொஞ்சம் பிரித்தே பார்த்துவிடுவோம்.

முதலில், ஃபேன் காற்றைக் குளிர்விப்பதில்லை. அறையின் வெப்பநிலையை அது ஒரு டிகிரிகூட இறக்காது. நம் தோலின் மேல் தங்கும் வியர்வையை வேகமாக ஆவியாக்குகிறது. ஆவியாகிற வியர்வை உடம்பின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. ஆள் இருந்தால்தான் ஃபேனுக்கு வேலை. ஆளில்லாத அறையில் சுற்றும் ஃபேன், தன் 75 வாட்டையும் கடைசியில் அறையின் சூடாகவே மாற்றிக்கொண்டிருக்கிறது. 'ரூம் கொஞ்சம் கூலாகட்டும்' என்று முன்கூட்டியே போட்டு வைப்பதில் ஒரு லாபமும் இல்லை, ஜன்னலைத் திறந்து வைத்து வெளிக்காற்று உள்ளே வந்தாலொழிய.

பழைய சீலிங் ஃபேனுக்குள் இருப்பது தூண்டல் மோட்டார். நடுவில் அசையாமல் நிற்கும் பகுதியில் செம்புச் சுருள்கள். அவற்றைச் சுற்றி, இறக்கைகளைச் சுமந்துகொண்டு ஓடும் வெளிக்கூடு. அந்தக் கூட்டுக்கு எந்தக் கம்பியும் போகவில்லை. பிறகு எப்படி அது காந்தமாகிச் சுழல்கிறது? 1831-ல் மைக்கேல் ஃபாரடே கண்டுபிடித்த வழியில்தான். மாறிக்கொண்டே இருக்கும் காந்தப் புலம் பக்கத்திலுள்ள உலோகத்தில் மின்னோட்டத்தைத் தூண்டும். செம்புச் சுருளின் புலம் சுழல்கிறது. அது வெளிக்கூட்டில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அந்த ஓட்டம் கூட்டைக் காந்தமாக்கி இழுத்துச் செல்கிறது. கம்பி இல்லை, தேயும் பாகமும் அதிகம் இல்லை. தாத்தா மாட்டிய ஃபேன் பேரன் கல்யாணம் வரைக்கும் சுற்றுவது இந்த எளிமையால்தான்.

ஆனால் காந்தமாக இருப்பதற்காகவே அந்தக் கூட்டில் எப்போதும் மின்னோட்டம் ஓடவேண்டும். ஓடினால் உலோகம் சூடாகும். நீண்ட நேரம் ஓடிய பழைய ஃபேனை நிறுத்திவிட்டு, நடுக் குமிழைத் தொட்டுப் பார்த்தால் கை சுடுவது இதனால். அந்தச் சூட்டுக்கும் சேர்த்துத்தான் பணம் கட்டுகிறோம்.

புதிய வகை ஃபேனை 'பி.எல்.டி.சி.' என்று கடையில் கேட்க வேண்டும். இதன் வெளிக்கூட்டில் நிலைக்காந்தங்கள் ஒட்டியிருக்கும். பிறவியிலேயே காந்தம் என்பதால் அதற்கென்று மின்னோட்டம் தேவையில்லை. உள்ளே இருக்கும் சின்ன மின்னணுப் பலகை, காந்தம் எந்த இடத்தில் இருக்கிறது என்று பார்த்துப் பார்த்து, சரியான சுருளுக்குச் சரியான நேரத்தில் மின்சாரம் விடுகிறது. பழைய ஃபேன் 75 வாட்டில் தரும் காற்றை இது 30 வாட் சுமாருக்குத் தருகிறது. இதிலிருந்தே ஓர் உண்மை தெரிகிறது. அதே காற்றுக்கு 30 வாட் போதுமென்றால், பழைய ஃபேனில் குறைந்தது 45 வாட் காற்றாகவே ஆகவில்லை.

மோட்டாருக்கும் பம்புக்கும் பேர்போன கோயம்புத்தூரிலிருந்துதான் இந்தியச் சந்தைக்கு வந்த ஆரம்பகால பி.எல்.டி.சி. ஃபேன்களில் ஒன்று வந்தது. வெர்சா டிரைவ்ஸ் நிறுவனம் 2012-ல் விற்பனைக்கு விட்ட 35 வாட் சூப்பர்ஃபேன். 2023 ஜனவரி முதல் சீலிங் ஃபேன்களுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயமாகிவிட்டதால், இப்போது கடையில் பெட்டியைப் பார்த்தே ஓரளவு கண்டுகொள்ளலாம்.

வேகத்தைக் குறைத்து வைத்தால் வித்தியாசம் இன்னும் பெருகும். இறக்கையின் வேகம் பாதியானால் அதைச் சுழற்றத் தேவையான சக்தி எட்டில் ஒன்றாகிவிடும். இது காற்றின் குணம். பி.எல்.டி.சி. ஃபேன் இந்தச் சலுகையை அப்படியே வாங்கிக்கொண்டு, மிகக் குறைந்த வேகத்தில் 10 வாட்டுக்குள் அடங்கிவிடுகிறது. பழைய ஃபேனும், சுவரில் இருக்கும் அந்தப் பெரிய, கட்டையான ரெகுலேட்டரும் இதைக் கோட்டை விடுகின்றன. அந்த ரெகுலேட்டர் ஃபேனுக்குப் போகும் மின்சாரத்தில் ஒரு பங்கைத் தானே வாங்கிச் சூடாக்கித்தான் வேகத்தைக் குறைக்கிறது. பின்னால் வந்த சிறிய ரெகுலேட்டர்கள் அவ்வளவு மோசமில்லை.

இனி ரூபாய்க் கணக்கு. மூன்று ஃபேனையும் மாற்றினால் கோடையில் 202 யூனிட் 81 ஆகும். சுமார் 120 யூனிட் மிச்சம். 550 என்பது 430 ஆகிறது, பில் 2,350-லிருந்து 1,305-க்கு இறங்குகிறது. ஒரே பில்லில் 1,045 ரூபாய். மார்கழியில் இதே மூன்று ஃபேன் மிச்சம் பிடிப்பது 44 யூனிட், 171 ரூபாய். வருஷத்தில் மூன்று பில் கோடை, மூன்று பில் குளிர் என்று தோராயமாக வைத்தால் ஆண்டுக்கு 3,600 ரூபாய் சொச்சம். ஃபேன் ஒன்று 3,000 ரூபாய் என்றால் போட்ட 9,000 மூன்று வருஷத்துக்குள் திரும்பிவிடும்.

அடுத்த தெருவில், இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் மட்டும் செலவழிக்கும் வீட்டுக்குப் போவோம். அங்கே நாளுக்குப் பதினைந்து மணி நேரம் சுற்றும் ஒரு ஃபேனை மாற்றினாலும் அதே 40 யூனிட் மிச்சமாகும். இயற்பியல் வீடு பார்த்து மாறாது. ஆனால் அந்த வீட்டின் உச்சி யூனிட் 2.25 ரூபாய்தான், கையில் நிற்பது 90 ரூபாய். 3,000 ரூபாயை எடுக்க ஐந்தரை வருஷம். ஓடுகிற ஃபேனைக் கழற்றிவிட்டு இதை மாட்டச் சொல்லி அந்த வீட்டுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். பழையது செத்த பிறகு வாங்கலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பழைய ஃபேன் மெதுவாகிவிட்டால் 'கண்டென்சர் போயிடுச்சு' என்று தெருமுனை எலக்ட்ரீஷியன் பத்து நிமிடத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவார். பி.எல்.டி.சி. ஃபேனின் மின்னணுப் பலகை போனால் அவர் கையை விரித்துவிடுவார். ஆகவே உத்தரவாதக் காலம் எத்தனை வருஷம் என்று பார்த்து வாங்குவது நல்லது. ஒரு லாபமும் உண்டு: கரண்ட் போனால் வீட்டு இன்வெர்ட்டரில் இது பழையதைப்போல இரண்டரை மடங்கு நேரம் சுற்றும்.

வெந்நீருக்குக் குறுக்கு வழி இல்லை

ஃபேனில் பாதிக்கு மேல் மிச்சம் பிடித்ததுபோல் கீசரிலும் முடியுமா? முடியாது. மின்சாரத்தைச் சூடாக்குவது உலகிலேயே சுலபமான காரியம். கிட்டத்தட்ட முழுவதும் சூடாகிவிடும். விலை உயர்ந்த கீசரும் வாளியில் போடும் ஹீட்டரும் ஒரு லிட்டர் தண்ணீரைக் காய்ச்ச எடுக்கும் மின்சாரம் ஏறக்குறைய ஒன்றுதான். நல்ல கீசர் செய்வதெல்லாம் காய்ச்சிய சூட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்வது.

குறைக்கக்கூடியவை தண்ணீரின் அளவும் சூட்டின் அளவும் மட்டும். 15 லிட்டர் வாளித் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 40-க்குக் கொண்டுவரக் கால் யூனிட். நான்கு பேர் குளித்தால் நாளுக்கு ஒரு யூனிட், இரண்டு மாதத்துக்கு 60 சொச்சம். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளித்தாக வேண்டுமே, வேறு வழியில்லை. சென்னையில் மே மாதத்தில் கீசர் போடுகிறவர்களுக்கு, மொட்டைமாடித் தொட்டித் தண்ணீரே மாலையில் வெந்நீர்தான் என்று ஞாபகப்படுத்தலாம். 60 டிகிரிக்குக் காய்ச்சிப் பச்சைத் தண்ணீர் கலப்பதைவிட, குமிழைத் திருகி 45-ல் வைத்துக்கொண்டால் தொட்டியில் நின்று ஆறிப்போகும் சூடாவது குறையும்.

சூட்டை வெளியேற்றுவது

ஃபிரிட்ஜும் ஏ.சி.யும் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் சூட்டை அள்ளி வெளியே கொட்டுகின்றன. ஒரு டன் ஏ.சி. ஏறக்குறைய 1,000 வாட் மின்சாரத்தை வாங்கிக்கொண்டு 3,500 வாட் சூட்டை அறையிலிருந்து வெளியேற்றும். சூட்டை நகர்த்துவது சூட்டை உண்டாக்குவதைவிட மலிவு என்பதால் இது சாத்தியம். உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் கூடக்கூட அந்த வேலை கடினமாகும். வெளியே 34 இருக்கும் இரவில் 20-ல் வைப்பதும் 27-ல் வைப்பதும் ஒன்றாகாது. ஒரு டிகிரி ஏற்றி வைத்தால் சுமார் 6 விழுக்காடு மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் செயலகம் சொல்கிறது. 2020 ஜனவரி முதல் அறை ஏ.சி.கள் 24 டிகிரியில்தான் துவங்கவேண்டும் என்று விதித்ததும் இந்தக் காரணத்தால்தான். சீக்கிரம் குளிரட்டும் என்று 18-ல் வைப்பது, பழைய வகை ஏ.சி.யில் எதையும் சீக்கிரமாக்காது. அதன் கம்ப்ரஸருக்குத் தெரிந்தது ஓடுவதும் நிற்பதும் மட்டும். 18-ல் வைத்தால் நிற்கவேண்டிய நேரத்தில் நிற்காமல் ஓடும்.

நட்சத்திர ஸ்டிக்கரில் ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று போட்டிருப்பதைப் பார்த்து வாங்குகிறோம். அது ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடும் என்று வைத்துப் போட்ட எண். வருஷத்தில் எட்டு மாதம், ராத்திரிக்கு எட்டு மணி நேரம் போடும் வீடு அதைத் தாண்டிவிடும்.

மேல் மாடியில் குடியிருப்பவர்களின் ஏ.சி. சண்டை போடுவது வெளிக்காற்றோடு மட்டுமில்லை, கூரையோடும்தான். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 1,000 வாட்டைக் கொட்டுகிறது. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையின் கூரை பகலெல்லாம் அதை வாங்கி வைத்துக்கொண்டு, நாம் படுக்கப் போகும் நேரத்தில் உள்ளே இறக்கும். தட்டோடு பதித்த மொட்டைமாடியும், வெள்ளை பூசிய மொட்டைமாடியும் இந்தச் சுமையைக் குறைக்கும். வாடகை வீட்டுக்காரர் இதை ஓனரிடம் எப்படிப் பேசுவது என்பதற்கு அறிவியலில் பதில் இல்லை.

ஃபிரிட்ஜ் விஷயத்தில் நாம் கவலைப்படும் இடம் வேறு, செலவாகும் இடம் வேறு. கதவைத் திறந்தால் திட்டுகிறோம். 200 லிட்டர் காற்று முழுவதும் மாறி, அதன் ஈரம் உள்ளே படிந்தாலும், வந்து சேரும் சூடு கொஞ்சம்தான். கொதிக்கக் கொதிக்க ஒரு லிட்டர் சாம்பாரை உள்ளே வைத்தால் இருபது தடவை கதவைத் திறந்த சூடு உள்ளே போகும். அதையும் தினமும் செய்தால்கூட, ஆறவிட்டு வைப்பதைவிட இரண்டு மாதத்துக்கு 2 யூனிட்டுக்குள்தான் கூடுதலாகும். அடுப்புக்குப் பக்கத்தில், காற்றுப் போக இடமில்லாத மூலையில் ஃபிரிட்ஜை அடைத்து வைத்திருப்பதுதான் நாள் முழுக்க நடக்கும் நஷ்டம். கதவு ஓரத்து ரப்பரில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பரை மாற்றும் நேரம்.

காசு செலவழிக்காமல் அறுபது யூனிட்

ஃபேன் மாற்ற இப்போது கையில் பணம் இல்லை என்று வைப்போம். ஏ.சி.யை 24-லிருந்து 27-க்கு ஏற்றி, கூடவே ஃபேனை மெதுவாகச் சுற்றவிட்டால் 180 யூனிட்டில் 30 குறையும். அந்த ஃபேன் எப்படியும் சுற்றிக்கொண்டிருப்பதுதான். மூன்று ஃபேனும் சேர்ந்து நாளுக்கு 45 மணி நேரம் சுற்றுகின்றன, அதில் ஆளில்லாமல் சுற்றும் 4 மணி நேரத்தை நிறுத்தினால் 18. டி.வி. பார்க்காத நேரத்தில் செட்டாப் பாக்ஸைச் சுவிட்சில் அணைத்தால் 10, 11. கிட்டத்தட்ட 60 யூனிட். 550 என்பது 490 ஆகிறது, பில் 1,665. மிச்சம் 685 ரூபாய். 501-ஐத் தொடாமல் நின்றதற்குக் கிடைத்த பரிசு இதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

பாடுபட்டும் அந்தப் பரிசைத் தவறவிடுவதும் இதே கணக்கில் தெரியும். 620 யூனிட்டில் இருக்கும் வீடு 30 யூனிட் குறைத்தால் 590-ல் நிற்கும். மிச்சம் 260 ரூபாய், கோட்டைத் தாண்டி இறங்கியிருந்தால் கிடைத்திருக்கும் 233 கிடைக்காது. எங்கே நிற்கிறோம் என்று தெரியாமல் மிச்சம் பிடிப்பது இருட்டில் துழாவுவதுதான்.

மீட்டரில் சிமிட்டும் விளக்கு

எங்கே நிற்கிறோம் என்பதை மீட்டரே சொல்லும். மின்னணு மீட்டரின் முகத்தில் ஒரு சிவப்பு விளக்கு சிமிட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு யூனிட்டுக்கு இத்தனை சிமிட்டல் என்ற எண் அதன் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும். 1,600, 3,200 என்று மீட்டருக்கு மீட்டர் மாறும். 3,200 என்று வைத்துக்கொண்டு, வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு பழைய ஃபேனை முழு வேகத்தில் போடுங்கள். ஐந்து நிமிடத்தில் இருபது தடவை சிமிட்டினால் அது 75 வாட். பி.எல்.டி.சி. ஃபேன் என்றால் எட்டு தடவை. கடைக்காரர் சொன்னதைச் சரிபார்க்க வேறு கருவி வேண்டாம்.

பிறகு ஃபேனையும் ஃபிரிட்ஜையும் நிறுத்திவிட்டு நில்லுங்கள். எல்லாம் அணைந்த வீட்டில் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறையாவது விளக்கு சிமிட்டினால், எங்கோ ஒரு பெட்டி தூங்காமல் 10 வாட் தின்றுகொண்டிருக்கிறது. ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கினால் அகப்பட்டுவிடும். மாடிப்படி விளக்கு நம் இணைப்பில்தான் இருக்கிறதா என்ற சந்தேகமும் இதே சோதனையில் தீரும்.

இன்னொரு வேலை மாதத்துக்கு ஒரு நிமிடம் எடுக்கும். கணக்கெடுத்த நாளிலிருந்து முப்பதாம் நாள், மீட்டரில் ஓடும் எண்ணிலிருந்து போன பில்லின் எண்ணைக் கழியுங்கள். 275 என்று வந்தால் நம் வீடு 550-ஐ நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது, நாளுக்கு 9 யூனிட்டுக்கு மேல். 500-க்குள் நிற்க, மிச்சமுள்ள முப்பது நாளில் நாளுக்கு ஏழரை யூனிட்தான் செலவழிக்கலாம். ஏ.சி. 3 யூனிட், ஃபேன்கள் மூன்றேகாலுக்குச் சற்று மேல், ஃபிரிட்ஜ் ஒன்றுக்குக் கீழே, மற்றதெல்லாம் சேர்ந்து இரண்டு. இதில் யாருடைய சுவிட்சில் கை வைப்பது என்பது அந்தந்த வீட்டுப் பஞ்சாயத்து.